மூப்பர் பிலிமோன் திறந்த குழி

இதனால் அனெபோங் தீவின் சகல ஆத்துமாக்களுக்கும், கைக்குழந்தைகளையும் சேர்த்து நூற்றுப் பதினெட்டுப் பேருக்கும், அறிவிக்கப்படுவது என்னவென்றால்: நோவாவின் காலம் முதல் இன்றுவரை மனுக்குலத்தைக் குடைந்துவரும் சீர்கேடு என்பது என்ன, அது எங்கே பிறக்கிறது, எப்படிப் பரவுகிறது என்ற கேள்விக்கு இந்தச் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு முடிவான பதில் சொல்லப்படும். பதில் சொல்பவர் மூப்பர் பிலிமோன். கண்ணால் காணத்தக்க சாட்சியும் உண்டு. வருகிறவர்கள் உட்காரப் பாய் கொண்டுவரவும்.

இதை வாசித்த மூப்பர் பிலிமோன், கோயில் மணியாகத் தொங்கும் பழைய எரிவாயு உருளையை ஒரு இரும்புத் துண்டால் மூன்று முறை தட்டினார். நோவாவுக்குப் பிறகு இவ்வளவு பெரிய செய்தியைச் சொல்ல யாருக்கும் வாய்க்கவில்லை என்று அவருக்குத் தோன்றியது. நோவாவின் பேச்சையும் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

காரணம் இருந்தது. அந்தச் சனிக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, தலைநகர் மஜூரோவிலிருந்து கப்பலில் போதகர் வருகிறார். நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். அவர் வந்தால்தான் திருவிருந்து, அவர் வந்தால்தான் ஞானஸ்நானம். இந்த முறை பெயருக்காகக் காத்திருந்தது ஜீபாஸின் பெண்குழந்தை. ஆனால் ஜீபாஸ் விழுந்தவன். கள் குடித்ததற்காக மூன்று வருஷத்துக்கு முன்னால் சபைப் பட்டியலிலிருந்து பெயர் அடிக்கப்பட்டவன். விழுந்தவனின் பிள்ளைக்கு அந்தத் தீவில் ஞானஸ்நானம் இல்லை. சனிக்கிழமை ஆயத்தக் கூட்டத்தில் மூப்பர் பரிந்துரைத்து, சபையார் கை தூக்கினால் அவன் திரும்பவும் உள்ளே வரலாம். மூப்பர் பரிந்துரைப்பதாக இல்லை. ஜீபாஸ் அவருடைய மனைவியின் தம்பி. சொந்த மச்சான் என்று சலுகை காட்டினால் ஊர் என்ன சொல்லும்?

அதற்காகத்தான் அந்தப் பிரசங்கம். நான்கு வாரம் உட்கார்ந்து, பள்ளிக்கூட நோட்டில் நாற்பத்திரண்டு பக்கம், முக்கியமான இடங்களில் சிவப்புப் பென்சில். பூச்சியும் துருவும் கெடுக்கிற பொக்கிஷம் ஏழு பக்கம். வெளியே சுண்ணாம்பு அடித்து உள்ளே எலும்பு கிடக்கும் கல்லறைகள் ஐந்து பக்கம். மறுநாளைக்கென்று பதுக்கி வைத்த மன்னாவில் புழு நெளிந்தது தனியாக ஒன்பது பக்கம். புழுவை அவர் ரசித்து எழுதியிருந்தார்.

"காலையில இறக்கின பதநீர் இனிக்குது. மறுநாள் அது கள்ளாயிடுது. யாராவது ஏதாவது செஞ்சாங்களா? இல்ல. சும்மா வெச்சாலே கெட்டுப்போகும். அதுதான் சீர்கேடு. மனுஷனும் அப்படித்தான்," என்று மனைவியிடம் ஒத்திகை பார்த்தார்.

நெய்ஜோன் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "சும்மா இருந்தா கெட்டுப்போகும்னா நீங்க இந்நேரம் புழுத்திருக்கணுமே."

"நான் ஆவிக்குரிய விஷயம் பேசறேன்."

"நான் விறகைப் பத்திப் பேசறேன். காலையிலேர்ந்து வெட்டித் தாங்கன்னு கேக்கறேன்."

மூப்பர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரிய விஷயம் அதற்கப்புறம்தான் இருந்தது. "சாட்சிக்கு உங்கம்மாவோட குழியைத் திறக்கலாம்னு இருக்கேன்."

துருவுகிற கை நின்றது.

ஈரப்பலா காய்க்கும் மாதங்களில் அந்தத் தீவின் பெண்கள் காயைச் சீவி, கடல்நீரில் ஊறப்போட்டு, அழுகவிட்டு, பிசைந்து, இலை பரப்பிய குழியில் புதைத்து வைப்பார்கள். காய் இல்லாத மாதங்களில் குழிமாவுதான் சோறு. மாதாமாதம் இலையை மாற்றினால் வருஷக்கணக்கில் தாங்கும். மாற்றாவிட்டால் நாறி ஒழியும். நெய்ஜோனின் தாய் சாவதற்கு முன்னால் கடைசியாக நிரப்பிய குழி, தீவின் வடகோடியில் குடும்பக் கல்லறைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. அதைக் காவல் காக்கும் பொறுப்பு ஜீபாஸுக்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால் கடல் பொங்கி வடகோடியில் ஏறியபோது, அவன் கள் குடித்துவிட்டுப் படகுக் கொட்டகையில் கிடந்தான். அடுத்த ஞாயிறு மூப்பர் எழுந்து நின்று இரண்டு தீர்ப்பு சொன்னார்: குழி செத்தது, ஜீபாஸ் விழுந்தான். அன்றிலிருந்து ஊரார் அந்தப் பக்கம் போவதில்லை.

"மண்ணு எங்க வம்சத்தோடது," என்றாள் நெய்ஜோன். "குழி எங்கம்மாவோடது. கல்யாணம் கட்டி இங்க வரும்போது நீங்க கொண்டாந்தது ஒரு தூண்டிலும் ஒரு வேதப்புஸ்தகமும்."

"அதான் கேக்கறேன் இல்ல?"

"கேட்டா சரி." மறுபடியும் துருவத் தொடங்கினாள். "தாராளமா திறங்க."

அவள் அவ்வளவு சுலபத்தில் எதற்கும் ஒத்துக்கொண்டதே இல்லை என்பதை மூப்பர் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. அவர் மனசு புழுவில் இருந்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு எல்லாரும் பாயோடு குழியருகே வந்துவிட்டார்கள். மூப்பர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றார். அதே வெண்மையில், அவரே வருஷாவருஷம் பவளச் சுண்ணாம்பு அடிக்கும் கோயில் தூரத்தில் பளபளத்தது. ஜீபாஸ் கூட்டத்துக்குக் கடைசியில், மனைவிக்கும் குழந்தைக்கும் முன்னால் தலை குனிந்து நின்றான். முன்வரிசையில் பாடகர் குழுத் தலைவி ஹெர்தினா மூக்கில் ஏற்கெனவே துணியை வைத்திருந்தாள்.

"மூப்பரே, குழியை முதல்ல திறந்துட்டு அப்புறம் பேசறீங்களா, பேசிட்டுத் திறக்கறீங்களா?" என்று கேட்டாள். "நாற்பத்திரண்டு பக்கம்னு கேள்விப்பட்டேன். எனக்கு அடுப்புல மீன் இருக்கு."

பின்னால் சிரிப்பு எழுந்தது. மூப்பர் நோட்டை மூடினார். சாட்சியே முதலில் பேசட்டும். மேலே அடுக்கியிருந்த பவளக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பழைய பாய் வந்தது. அதை உருவும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார். கூட்டமும் பிடித்துக்கொண்டது. நூற்றுப் பதினெட்டுப் பேர் மூச்சைப் பிடித்தால் அலைச்சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்பதை அன்றுதான் அவர் அறிந்தார்.

பாய்க்குக் கீழே இலை. இலைக்குக் கீழே இன்னொரு இலை. அவர் கறுப்புச் சேற்றுக்குக் காத்திருந்தார், புழுவுக்குக் காத்திருந்தார். கடைசி இலையைத் தூக்கினார்.

வாடை மேலே வந்தது. புளிப்பு, கண்ணைக் கரிக்கும் புளிப்பு. அதற்குப் பின்னால் மெதுவாக ஒரு இனிப்பு. சின்ன வயதில் பசியோடு வீட்டுக்கு ஓடிவரும்போது அடுப்படியிலிருந்து வரும் அதே வாடை. உள்ளே மாவு வெளிர் மஞ்சளாக, அன்றைக்குப் பிசைந்து வைத்ததுபோல வழவழவென்று கிடந்தது. அதன் மேல், செத்துப்போன ஒரு கிழவி கடைசியாக அழுத்திய விரல்தடம் இருக்குமோ என்று அவருக்குத் தோன்றியது. ஒரு விரலை உள்ளே விட்டு வாயில் வைத்தார்.

நல்ல மாவு.

கடல் ஏறி மூடிய குழி. எல்லாரும் பார்க்க அவரே செத்ததென்று சொன்ன குழி. அழிவுக்கு விதைக்கப்பட்டது அழியாமல் எழும் என்பதை அவர் நூறு சாவு வீட்டில் வாசித்திருக்கிறார்; அது உண்மையாக இருக்கக்கூடும் என்று ஒருமுறைகூட நினைத்ததில்லை. குழியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். முன்வரிசை எழுந்து எட்டிப் பார்த்தது, பார்த்தவர்கள் முழந்தாளிட்டார்கள். ஹெர்தினா மூக்குத் துணியை எடுத்தாள்.

"அற்புதம்," என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.

"மூப்பரோட ஜெபம்," என்றது இன்னொரு குரல்.

அந்தக் குரல் மூப்பரின் காதில் தேனாக இறங்கியது. ஒரு கணம், ஒரே கணம், நாளைக்குப் போதகர் கப்பலிலிருந்து இறங்கியதும் ஊரார் இதை எப்படி எடுத்துச் சொல்வார்கள் என்று மனசுக்குள் கேட்டுப் பார்த்தார். அனெபோங்கின் மூப்பர் ஜெபித்தார், செத்த குழி உயிர்த்தது. நன்றாகத்தான் இருந்தது. அந்த ருசியோடு கையிலிருந்த இலையைப் பார்த்தார்.

இலையின் நரம்பில் இன்னும் பச்சை இருந்தது.

மூன்று வருஷத்து இலை அல்ல. மூன்று வாரத்து இலை. காம்பு உள்பக்கமாக மடக்கப்பட்டிருந்தது. நெய்ஜோனின் குடும்பத்தார் மட்டும்தான் அப்படி மடக்குவார்கள். அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, கூட்டத்தின் கடைசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேசாமல் இருந்தால் போதும், அற்புதம் அவருடையது. சும்மா வைத்தாலே கெட்டுப்போகும் என்று தானே நோட்டில் எழுதிய வரி அப்போது நினைவுக்கு வந்தது. சிவப்புப் பென்சிலில் எழுதியது. யாரைப் பற்றி எழுதினோம் என்பது இப்போதுதான் தெரிந்தது.

"இலை மாத்தியிருக்கு," என்றார். இலையை எல்லாரும் பார்க்க உயர்த்தினார். மறுபடியும் சொன்னார். "இது அற்புதம் இல்ல. யாரோ இலை மாத்தியிருக்காங்க. யாரு?"

பிடிபட்ட திருடன் மாதிரி ஜீபாஸ் கையைத் தூக்கினான்.

"எப்பேர்ந்து?"

"கடல் ஏறின மறுவாரத்துலேர்ந்து, மச்சான்."

"மாசாமாசமா?"

"மாசாமாசம். மொதல்ல மேல ஒரு முழம் கெட்டுப்போயிருந்துச்சு. அள்ளிப் பன்னிக்குப் போட்டேன். பன்னியே யோசிச்சுத்தான் தின்னுச்சு. அடியில நல்லா இருந்துச்சு. அம்மா கையில பிசைஞ்சது. விட மனசில்ல." தலையைச் சொறிந்தான். "மொத ரெண்டு தடவை குடிச்சிட்டுத்தான் மாத்தினேன். பொய் சொல்லக் கூடாது. அப்புறம் இல்ல. குடிச்சா மடிப்பு சரியா வரல."

"ஏன்டா சொல்லல?"

"விழுந்தவன் தொட்டதுன்னு தெரிஞ்சா யார் தின்பாங்க? பாப்பா பேர் வைக்கற அன்னிக்குத் திறக்கலாம்னு இருந்தோம். அக்காவுக்குத் தெரியும்."

மூப்பர் நாற்பது தடவை என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு தடவையும் கற்களை இறக்கி, பாயை உருவி, கெட்டதைச் சுரண்டி எடுத்து, புது இலை மடக்கி, பழையபடி கல்லை ஏற்றியிருக்கிறான். யாரும் பார்க்காமல், யாரும் கை தூக்காமல். தான் பட்டியலிலிருந்து அடித்த மனிதன் இந்தக் கோடியில் தனியாகக் குனிந்து செய்துகொண்டிருந்ததற்கு வேதத்தில் ஒரு பெயர் உண்டு, மனந்திரும்புதல். நாற்பத்திரண்டு பக்கத்தில் அந்தப் பெயர் ஓரிடத்திலும் இல்லை. சற்று முன் அற்புதம் என்று நினைத்ததைவிட இது அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது.

"எங்க ஊர்ச் சமையலே அழுகவிட்டுத்தான் ஆரம்பிக்குது," என்றாள் நெய்ஜோன், யாரிடமென்று இல்லாமல். "இதைக்கூட மறந்துட்டு நாலு வாரம் உட்கார்ந்து எழுதியிருக்கார் மனுஷன்."

மூப்பர் எழுந்தார். ஒழுங்காகப் பரிந்துரைக்க வேண்டும் என்று நினைத்தார். அதற்கான வாசகம் இருந்தது, பன்னிரண்டு வரி. மாவு ஒட்டிய கையைத் தூக்கினார், அவ்வளவுதான். மாவு கையிலிருந்து கஞ்சி போட்ட சட்டைக்குள் வழிந்தது. அவருக்குப் பின்னால் ஹெர்தினாவின் கை. அதற்குப் பின்னால் எல்லாக் கையும். சபை அங்கத்தினராக இல்லாத குழந்தைகள்கூடத் தூக்கினார்கள், யாரும் தடுக்கவில்லை. ஜீபாஸ் தன் கையை இன்னும் இறக்கவே இல்லை என்பதை அவன் மனைவிதான் கவனித்து இறக்கிவிட்டாள். பிறகு ஹெர்தினா பாடினாள், மீனை மறந்து. தீவே பாடியது. கடல் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்ததுபோல இருந்தது.

மாவை இலையில் பொதிந்து, தேங்காய்ப் பால் ஊற்றி, மண் அடுப்பில் இறக்கினார்கள். மறுநாள் ஞாயிறு, ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக் கூடாதென்பதால் பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. விறகு வெட்டியவர் மூப்பர். பற்றவைக்கக் காகிதம் கேட்டபோது நோட்டைக் கொடுத்தார். புழு முதலில் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் குழந்தைக்கு வெள்ளைச் சட்டை போட்டு, உருளையைத் தட்டி, நூற்றுப் பதினெட்டுப் பேரும் கரையில் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு முகத்திலும் நேற்றைய வெளிச்சம் மிச்சமிருந்தது.

கப்பல் வரவில்லை, இயந்திரக் கோளாறு, இன்னும் ஆறு வாரம் ஆகும் என்று வானொலியில் சொன்னார்கள்.