ஹெல்லெவி வாசலில் பிடிக்கும் பிரேக்

வடதுருவப் பக்கத்துப் பனி ஊரான ஓலு நகரத்தில், ஆற்றுப்பாலம் சரிந்து இறங்கும் இடத்தில் ஹெல்லெவியின் வீடு. அந்த வாசலில் ஒரே ஒரு தடவை சைக்கிளை நிறுத்தி, 'என்னைக் கட்டிக்கிறியா' என்று கேட்டுவிட வேண்டும். அறுபத்திரண்டு வயதில் கலெர்வோவுக்கு வேறு ஆசை கிடையாது. வெள்ளிக்கிழமை அவள் தெற்கே இருக்கும் தங்கை வீட்டோடு தங்கிவிடப் போகிறாள்.

கோளாறு பிரேக்கில் இருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி குளிரில் அதற்குள் இருக்கும் எண்ணெய் தேனாக இறுகிவிடும். திங்கட்கிழமை ஹெல்லெவி வாசலில் அழுத்திய பிரேக், செவ்வாய்க்கிழமை தபால் நிலையத்தில் போய்ப் பிடித்தது. தபால்காரரே சாட்சி. நடந்து போகலாமே என்பீர்கள். ஓலுவில் பெண் கேட்க நடந்து போகிறவனை, சைக்கிளை விற்றுத் தின்றவன் என்றே நினைப்பார்கள்.

புதன்கிழமை உர்ப்போவின் சைக்கிள் கடைக்குப் போனான்.

"கார் பிரேக்குக்கு ஊத்துற எண்ணெய்ல ஓடுற டிஸ்க் பிரேக் இருக்கு. எந்தக் குளிருக்கும் அசராது," என்றான் உர்ப்போ. "ஆனா ஒழுகுச்சுன்னா பெயிண்ட்டைத் தின்னுடும்."

"பொண்ணு கேக்கப் போற சைக்கிள்டா அது!"

"அப்ப கம்பி இழுத்துப் பிடிக்கிற டிஸ்க் எடுத்துக்கோ மாப்ளே. எண்ணெயே கிடையாது."

கம்பியையே பூட்டிக்கொண்டான். ஊரில் எல்லாரும் குளிர்காலம் முழுக்கச் சைக்கிளை வெளியே பனியில்தான் விட்டுவைப்பார்கள். கலெர்வோவுக்கு அன்று மனசு கேட்கவில்லை. வீட்டு நீராவிக் குளியலறையான சவுனாவுக்குள் தூக்கிப்போய், மேல் பலகையில் சாய்த்துவைத்து, சூடேறிய கற்களின்மேல் தண்ணீர் தெளித்து அதற்கு ஆவி பிடித்தான். சைக்கிள் நன்றாக வியர்த்தது.

வியாழக்கிழமை காலை. வரலாமா வேண்டாமா என்று சூரியன் யோசித்துக்கொண்டிருந்தது. பனி, ஆறு, வானம் எல்லாம் ஒரே நீலம். சக்கரம் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை. யாரோ காணும் கனவுக்குள் மெல்ல இறங்குவதுபோல் கலெர்வோ பாலத்திலிருந்து இறங்கினான். வாசலில் ஹெல்லெவி பனி தள்ளிக்கொண்டிருந்தாள். பிரேக்கை இழுத்தான்.

நின்றுவிட்டது.

நின்ற திகைப்பில் வந்த விஷயமே மறந்துபோயிற்று. பயந்துபோய்க் கிளம்பப் பார்த்தான். கை விட்டும் பிரேக் விடவில்லை.

ஹெல்லெவி குனிந்து பார்த்தாள். "சவுனாவுக்குக் கூட்டிட்டுப் போனியா?"

"அதுக்கும் குளிருமேன்னு..."

"அட மடையா! ஆவி கம்பி உறைக்குள்ள பூந்து தண்ணியாகி, இப்ப ஐஸா நிக்குது. இனி மே மாசம்தான் விடும்."

"ஹெல்லெவி, நான் வந்தது..."

"தெரியும். மூணு வருஷமா வாசலைத் தாண்டுறப்பல்லாம் கத்திட்டுத்தான் போறே. பாதிதான் காதுல விழும். மீதியைச் சொல்லிட்டு உள்ள வா, காபி ஆறுது."

சொன்னான்.

வெள்ளிக்கிழமை தெற்கே போன ரயிலில் ஒரு இருக்கை காலியாகவே போயிற்று. பக்கத்து இருக்கைக்காரர் காலை நீட்டித் தூங்கினார்.