தென்சேரிப் பிள்ளை வடசேரியில்

என் மகன் வெலிகந்தையில் சிங்களப் பெண்ணைக் கட்டினான். இரண்டு பேரும் கத்தாருக்கு உழைக்கப் போக, பேத்தி தனுஷா செட்டிபாளையத்தில் அப்பப்பாவான என்னிடம் வந்து சேர்ந்தாள். கையைக் காட்டுவாள், தலையை ஆட்டுவாள். தமிழில் ஒரு சொல் வராது. பள்ளித் தவணை முடிவதற்குள் பிள்ளை தமிழ் கதைக்காவிட்டால் வெலிகந்தைக்கே கூட்டிப்போவேன் என்று சம்பந்தி சொல்லிவிட்டார். எனக்கு அவளை விட மனமில்லை.

பள்ளிக்கூடத்திலோ விளையாட்டு. விளையாடினால் எழுத்து வருமாம். நான் நம்பவில்லை. அதிலும் கொம்புமுறியாம். கண்ணகி அம்மனுக்காக ஊர் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து, வளைந்த இரண்டு மரக்கொம்புகளைக் கொளுவி இழுக்கும். கொம்பு முறிந்த பக்கத்தை வென்ற பக்கம் பாட்டாலே ஏசும். எந்தப் பக்கம் என்பது பிறப்போடு வருவது. நாங்கள் தென்சேரி. என் பேத்தியை வடசேரியில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன்.

“ரீச்சர், ஆரக் கேட்டு இவள வடசேரியில விட்டீங்க? எங்கட பரம்பரையில ஒருத்தனும் அந்தப் பக்கம் நிண்டதில்ல. இப்பவே மாத்துங்க. இல்லாட்டிப் பிள்ளையக் கூட்டிப் போறன்.”

கேதீஸ்வரி ரீச்சர் சிரித்தார். “பொறுங்க ஐயா. இந்த ஆட்டம் முடியட்டும்.”

பிள்ளைகள் கொம்புக்குப் பதில் இரண்டு பூவரசிலைக் காம்புகளைக் கொளுவி இழுத்தார்கள். தென்சேரிக் காம்பு முறிந்தது. வென்றவர்கள் ஏச்சைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் பாடலாம். அங்கே அதுதான் சட்டம். வடசேரிப் பிள்ளைகள் தனுஷாவை முன்னே தள்ளினார்கள். அவள் ரீச்சரிடம் சிங்களத்தில் எதையோ கேட்டாள். ரீச்சர் அதற்குத் தமிழ்ச்சொல் சொன்னார். தனுஷா எழுத்தெழுத்தாக எழுதினாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கத்தினாள்:

“தென்சேரி அப்பப்பா,
கொம்பு முறிஞ்சி போச்சப்பா!”

வகுப்பே கூத்தாடியது.

“ஐயா, பக்கம் மாத்தவா?” என்று கேட்டார் ரீச்சர்.

“பேசாம இரிங்க ரீச்சர். அங்கயே நிக்கட்டும்.” சந்தோசம் ஒரு பக்கம். ஆனாலும் தென்சேரியை ஏசிவிட்டாளே! “அடியே, உளுத்த கொம்பு வடசேரி...” என்று பதிலுக்குத் தொடங்கினேன்.

தனுஷா கையை நீட்டி மறித்து, தான் எழுதிய சோக்கை என் கையில் வைத்தாள். “இல்ல அப்பப்பா. முதல்ல எழுதணும்.”

இரண்டாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன் நான். சோக்கை அவளிடமே நீட்டினேன். “நான் சொல்றன், நீ எழுது.”

“மாட்டன். நீங்க தென்சேரி.”

அன்றைக்கே சம்பந்திக்குப் போன் எடுத்து, இந்தப் பிள்ளையின் வாயை மூட முடியவில்லை என்றேன்.