மொரம்பு மேடு

குவைத்தில் பதினோரு வருஷம் அடுத்தவர் பிள்ளைகளை வளர்த்துவிட்டு கேசியா பங்காருபாளையத்துக்குத் திரும்பியபோது அவளுடைய முழங்கால் இரண்டும் போயிருந்தன. செங்கல் வீடு கட்டி முடிக்கிற தெம்பு அவளுக்கும் இல்லை, புருஷன் தியோடருக்கும் இல்லை. துறைமுகத்தில் கழித்துப்போட்ட இருபதடி கன்டெய்னர் ஒன்றைச் சென்னையில் பேசி முடித்தார்கள். ஜன்னல் வெட்டிக் கொண்டுவந்து இறக்கினால் அதுவே வீடு. பத்து நாளில் லாரி வரும் என்றார்கள்.

இடம் பார்க்க மேஸ்திரி நாகையா வந்தார். தியோடர் ரோட்டோரத்தைக் காட்டினான். கிரேன் நிற்கத் தோதான இடம். பெட்டியின் பாரம் மொத்தமும் நாலு மூலையில்தான் இறங்கும், ஒரு மூலை அமுங்கினாலும் சட்டம் முறுக்கிக் கதவு சாத்த வராது என்று சொல்லிக்கொண்டே நாகையா தோண்டினார். மூன்றடியில் கறுப்புச் சேறு. நாலடியில் தண்ணீர் ஊறியது. அது குட்டையைத் தூர்த்த இடம் என்று தியோடருக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் இறுகியிருக்கும் என்று நம்பியிருந்தான்.

கெட்டியான மொரம்பு, அதாவது சரளை மண், பின்னால் மேட்டில்தான் இருந்தது. அங்கே மூன்று மாமரங்கள் நின்றன. கேசியா விமானம் ஏறிய வருஷம் தியோடர் நட்டவை. கோடையெல்லாம் சைக்கிளில் குடம் கட்டித் தண்ணீர் ஊற்றியிருந்தான்.

இங்கேயே இன்னும் ஆழமாகத் தோண்டினால் என்ன என்று கேசியா கேட்டாள். எவ்வளவு தோண்டினாலும் இந்த மண்ணுக்குத் தான் பொறுப்பில்லை என்றார் நாகையா. தியோடர் போய்க் கோடாலி எடுத்து வந்தான்.

"வேணாங்க. நான் இல்லாதப்ப உங்களுக்குத் துணையா இருந்தது அதுங்கதான்."

"இப்பதான் நீ வந்துட்டியே," என்றான். குரலில் சந்தோஷம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

வெட்டவும் வேர் பிடுங்கவும் இரண்டு நாள் ஆனது. மூலைக்கொரு குழி எடுத்துக் கருங்கல் இடித்து, கான்கிரீட் போட்டு, தரைக்கு மேலே ஒன்றரையடி தூக்கினார்கள். கேசியா காலை இழுத்து இழுத்து நடந்து கான்கிரீட் இறுக வேளைக்கு ஒரு குடம் தண்ணீர் அதன்மேல் ஊற்றினாள்.

பெட்டி வந்து இறங்கியதும் நாகையா டியூப்பில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தார். ஒரு மூலை அரை அங்குலம் தாழ்ந்திருந்தது. இரும்புத் தகடு செருகினார். கதவைத் தள்ளிப் பார்த்தார். ஒரு விரலால் தள்ளியதற்கே சாத்திக்கொண்டது.

உள்ளே அனலாய் இருந்தது. இருவரும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். வெட்டின மாமரம் என்ன ஜாதி என்று கேசியா கேட்டாள்.

"பெங்களூரா, கிளிமூக்கு மாங்கா. போன வருஷம்தான் காய்ச்சிது."

அவன் தோளில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். வெயில் தாழும்வரை தியோடர் அசையவில்லை.