ஐந்து பொட்டு வாங்கிய வரி

முடிச்சூர் சர்ச் ஹாலில் ஐந்து பெண்கள் ஜென்சிக்காகக் காத்திருந்தார்கள். எல்லோரும் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டுவேலை செய்பவர்கள். மெட்டில்டா மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெளிந்தாள். சிறுநீர்த் தொற்று; மாத்திரை முடிந்தும் எரிச்சல் போகவில்லை. வேலை முடிகிறவரை அடக்கி அடக்கியே வந்தது.

சமூகப்பணி ஆராய்ச்சி மாணவி ஜென்சி முதல் நாளே, பேட்டி எடுக்க வரவில்லை, சேர்ந்து எழுதலாம் என்றுதான் வந்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தாள். இவர்கள் சொல்லச் சொல்ல சுவரில் ஒட்டிய சார்ட்டில் எழுதுவாள், படித்துக் காட்டுவாள். சரியென்று படுகிறவர்கள் நெற்றியிலிருக்கும் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் ஒட்டவேண்டும். பொட்டு வைக்காத மெட்டில்டா, பக்கத்தில் உட்காரும் வினிதாவின் பொட்டு அட்டையிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கி ஒட்டுவாள்.

"பாஸ்டர் பாத்தாருன்னா நீ காலிக்கா," என்று வினிதா கிண்டலடிப்பாள்.

மெட்டில்டா சொன்ன ஒரு வரிக்கு மட்டும் ஐந்து பொட்டும் விழுந்திருந்தது: 'அவுங்க கக்கூஸ நாங்க கழுவுறோம். எங்களுக்கு அவசரம்னா ஒரு கதவும் தொறக்காது.' அதைக் காட்டித்தான் குடியிருப்புச் சங்கத்திடம் ஒரு கழிப்பறை கேட்பதாக ஏற்பாடு.

ஜென்சி அச்சடித்த அறிக்கையோடு வந்தாள். முகம் தொங்கியிருந்தது.

"அக்கா, அந்த வரிய எங்க புரொஃபசர் கொஞ்சம் மாத்திட்டாரு."

"படி."

"'சுகாதார வசதிகளை அணுகுவதில் சில இடைவெளிகள் காணப்படுகின்றன.'"

ஒருத்திகூட நெற்றிக்குக் கை கொண்டுபோகவில்லை.

"இன்னாம்மா இது? இதுல கக்கூஸ் எங்க கீது?" மெட்டில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒண்ணா எழுதலாம்னு கூப்ட்டியே, எங்கள ஒரு வார்த்த கேட்டியா?"

"ரிசர்ச் லாங்வேஜ் இப்படித்தான் இருக்கணுமாம். நான் ஃபைட் பண்ணேன்க்கா. மாத்தலேன்னா சைன் போடமாட்டேன்னுட்டாரு."

"அவருக்கா எரியுது? எனக்கு எரியுதும்மா!"

ஜென்சி அழுதாள். அதுவும் மெட்டில்டாவுக்குக் கடுப்பாக இருந்தது. அழுகிற பெண்ணைத் திட்டித் தீர்க்கவும் முடியவில்லை.

புதன்கிழமை குடியிருப்பின் கிளப் ஹவுஸில் அறிக்கையைக் கொடுத்தார்கள். காபி ஊற்ற ஆள் வேண்டுமென்று மெட்டில்டாவையே பிடித்திருந்தார்கள். சேர்ந்து எழுதியவளுக்கு ஒரு நாற்காலி போடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சங்கச் செயலாளர் சிவகுமார் பக்கங்களைப் புரட்டினார்.

"ரொம்ப டீசன்ட்டா எழுதியிருக்கீங்க. இடைவெளி எங்கதான் இல்ல? பாத்துக்கலாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஜென்சி எழுந்தாள். "சார், அது இடைவெளி இல்ல, டாய்லெட்..."

"ஜென்சி, வாம்மா, போட்டோ," என்றார் பேராசிரியர்.

கூட்டம் கலைந்ததும் சிவகுமார் மெட்டில்டாவிடம் வந்தார். "வந்தவங்க டாய்லெட் யூஸ் பண்ணிருக்காங்க. ஒருவாட்டி கழுவி விட்டுடுங்க."

வாட்ச்மேன் துளசிங்கம் சாவியோடு வந்து திறந்துவிட்டான். அங்கேயே நின்றான்.

"சீக்கிரம்க்கா. கழுவுனதும் பூட்டச் சொல்லிகீறாரு." குரலைத் தணித்துக்கொண்டான். "கதவ சாத்தாதக்கா. வாசல்ல மேல கேமரா கீது, நீ உள்ள போறன்னு நெனச்சா என் வேல பூடும்."

மெட்டில்டா பினாயில் ஊற்றித் தேய்த்தாள். அடிவயிறு சுருக் சுருக்கென்று குத்தியது. பீங்கான் பளிச்சென்று ஆனது. ஃபிளஷ்ஷை அழுத்திவிட்டு, தண்ணீர்ச் சத்தம் அடங்குகிறவரை தொடைகளை இறுக்கிக்கொண்டு நின்றாள். பிறகு பக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். துளசிங்கம் கதவைப் பூட்டினான்.