கீழே இறங்கிய கிழங்கு

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கேட்டு வாங்கும் பழக்கமே போய்விட்டது. கைக்கு எட்டினால் பறித்துக்கொள்கிறார்கள். போட்டோ எடுக்கிறேன் என்று பாத்தியை மிதிக்கிறார்கள்.

அதனால்தான் லில்லிக் கிழங்கு நட்டபோது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அடையாளமாக ஒரு பழைய கரண்டியைக் குத்திவைத்தேன். மூன்று கிழங்கு, நாலு விரல் ஆழம், என் கையால் அளந்தது. இரண்டு வருஷம் நெருப்பு நிறத்தில் பூத்தது. இந்த வருஷம் இலையெல்லாம் காய்ந்ததும், பிரித்து நடலாம் என்று தண்டைப் பிடித்தேன். தண்டு மட்டும் கையோடு வந்தது. மண்ணைக் கிளறினேன். நாலு விரல் ஆழத்தில் வெறும் மண். இரண்டாவதிலும் மண்தான். மூன்றாவதில் ஒரு மண்புழு நெளிந்தது.

யாரென்று யோசிக்கவே வேண்டாம். பக்கத்து வீட்டு மச்சினன், என் மனைவியின் தம்பி, போன மாதம்தான் ஒரு கிழங்கு கேட்டான். முடியாதென்று விரட்டியிருந்தேன்.

வேலியோரம் போய்க் கத்தினேன். "டேய் திருட்டுப்பயலே, வெளிய வாடா!"

தெருவில் நாலு கதவு திறந்தது. மனைவி ஓடிவந்தாள். "வாயை மூடுங்க! எனக்குன்னு இருக்கற பொறந்த வீடு அவன் ஒருத்தன்தான். இனி எந்த மூஞ்சியோட அவன் வாசப்படி ஏறுவேன்?"

மச்சினன் வந்தான். முகம் வெளுத்திருந்தது. என் குழியிலேயே மண்டியிட்டு, ஒரு சாண் ஆழம்வரை கையை விட்டுத் தோண்டினான். வெளியே வந்தது முஷ்டி அளவு கிழங்கு, செதில் செதிலாக. அடியில் சுருக்கம் விழுந்த தடித்த வேர்கள்.



"வேர் சுருங்கும்போது கிழங்கைக் கீழ இழுத்துக்கும் மாமா. எங்க வீட்டு வெள்ளை லில்லியும் இப்படித்தான் எறங்கிச்சு. மத்த ரெண்டையும் நீங்களே தோண்டிக்குங்க." கிழங்கை என் காலடியில் வைத்துவிட்டு எழுந்தான்.

"அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றாள் மனைவி.

"காலில்லாத கிழங்கு எப்படிடி எறங்கும்? இவன்தான் அமுக்கி வெச்சிருக்கான்!"

"திருடறவன் தூக்கிட்டுப் போவானா, ஆழமா நட்டுக் குடுத்துட்டுப் போவானா?"

தெருவே சிரித்தது. அவள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் வீட்டுக்குள் போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்று கரண்டியையும் பொறுக்கிக்கொண்டு நான் நடந்தேன். கிழங்காவது, இறங்குகிறதாவது!