வெண்டை விதைத்த கை

வாளியின் கம்பி உள்ளங்கையை அறுக்கிறது, இடது கைக்கு மாற்றுகிறேன், மறுபடி வலது கைக்கு, பாவாடை நனைந்து காலோடு ஒட்டிக்கொள்கிறது, அடிகுழாயிலிருந்து ஆபீஸ் ரூம் வாசல் வரை நாற்பத்திரண்டு எட்டு, ஐந்தாம் வகுப்பு ஜன்னலுக்குள்ளிருந்து ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினாலு என்று வாய்ப்பாடு கேட்கிறது, ரோஜாச் செடிக்கு ஊற்றிவிட்டு, குரோட்டன்ஸுக்கு ஊற்றிவிட்டு, அடுத்த வாளி அடித்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் உள்ளே எட்டாம் வாய்ப்பாட்டுக்குப் போய்விட்டார்கள், அதனால்தான் இன்றைக்கும் ஏழாம் வாய்ப்பாடு என்றால் எனக்கு மூவேழுக்கு அப்புறம் நாக்கு நின்றுவிடும். இன்ஸ்பெக்டர் வரும்போது வாசல் பூத்துக் குலுங்க வேண்டும், அது பரமானந்தம் வாத்தியாரின் ஆசை, அவர்தான் அப்போது பெரிய வாத்தியார், அந்தப் பள்ளிக்கூடத்தில் காலனிப் பிள்ளைகள் நாங்கள் பதினோரு பேர், பதினோரு பேர் கையிலும் வாளி, ஊர்ப் பிள்ளைகள் ஒருவர் கையிலும் கிடையாது. அவர் எங்களை ஒருநாளும் திட்டியதில்லை, அதைச் சொல்லியாக வேண்டும், நீங்கள்லாம் வெயில் தாங்குற பிள்ளைக, உடம்பு திடம், அவுகளை விட்டா சுருண்டு விழுந்துருவாக என்று சிரித்துக்கொண்டே சொல்வார், நாங்களும் அதைப் பெருமை என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினோம், அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு எரிகிறது, ஏசுகிறவனைக் கண்டு எனக்குப் பயமில்லை, மெச்சுகிறவனைக் கண்டால்தான் பயம்.

அதே பள்ளிக்கூடம், அதே வேப்பமரம், இப்போது என் மகள் சுபிக்ஷா அங்கே நான்காம் வகுப்பு, புதிதாக வந்த ஜெசிந்தா டீச்சர் ஒருநாள் காலனிக் குழாயடிக்கே வந்து நிற்கிறார், பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி சும்மா கிடக்குற இடத்துல காய்கறித் தோட்டம் போடப்போறோம், சத்துணவுக்கு ஆகும், எல்லாரும் சேந்து ஒத்தாசை பண்ணணும் என்கிறார், தோட்டம் என்ற சொல்லைக் கேட்டதுமே என் உள்ளங்கை கம்பியைத் தேடுகிறது. யாரு தண்ணி ஊத்துறது டீச்சர் என்று கேட்டேன். பிள்ளைகதான்க்கா, முறை வச்சு ஊத்துவாக. எந்தப் பிள்ளைக? எல்லாப் பிள்ளைகளும்தான் என்றார் அவர், நான் கேட்டதன் அர்த்தம் புரியாமல், அல்லது புரியாத மாதிரி. எல்லாரும் என்று சொல்லித்தான் எங்களை மட்டும் கூப்பிடுவார்கள், நான் கேட்காத எல்லாருமா. குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனால் ஊரே கிளம்பிவிட்டது. மேலத்தெரு ராமலிங்கம் டிராக்டரைக் கொண்டுவந்து கட்டாந்தரையை உழுது கொடுத்தார், கூலி வேண்டாம் என்றாராம், நூறுநாள் வேலைப் பெண்கள் சாயங்காலம் நின்று கருவேல முள் வெட்டி வேலி கட்டினார்கள், என்கூட அன்றைக்கு அடுத்த வாளி தூக்கின அன்னக்கொடி இரண்டு சாக்கு ஆட்டுப்புழுக்கையைத் தலையில் சுமந்து போய்க் கொட்டிவிட்டு வந்தாள். உனக்கு வெக்கமா இல்லையாடி என்றேன். காலம் மாறிருச்சுடி, என் பேரன் அங்க படிக்கிறான், அவன் திங்கிற வெண்டிக்காய்க்கு நான் எரு போடக்கூடாதா என்றாள் அவள். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்றேன். ஆமா, உன் வீட்டுக்காரரு சிரிச்சாலே இன்னைக்கு என்ன தப்புப் பண்ணிட்டு வந்தீகன்னு கேக்குறவதானே நீ என்று சொல்லிவிட்டுச் சாக்கை உதறினாள், அவள் சொன்னது பொய்யில்லை, கேட்டிருக்கிறேன், இரண்டு தடவை என் சந்தேகம் சரியாகவும் இருந்தது.

வேவு பார்க்க எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அன்னக்கொடியின் வெள்ளாட்டை இரவல் வாங்கினேன், ஆடு மேய்க்கிற மாதிரி ஒரு நாளைக்கு மூன்று தடவை பள்ளிக்கூட வேலி ஓரமாகப் போவேன், ஆடு முள்ளுக்குள் தலையை நுழைக்கும், நான் கண்ணை நுழைப்பேன். பூவாளி யார் கையில், மண்வெட்டி யார் கையில், வகுப்பு நேரத்தில் வெளியே எத்தனை பேர், அதில் எங்கள் தெரு எத்தனை. திங்கள்கிழமை ஊர்ப் பிள்ளைகள் இரண்டு, எங்கள் பிள்ளை ஒன்று, செவ்வாய் எங்களுடையது இரண்டு, அவர்களுடையது இரண்டு, புதன்கிழமை ராமலிங்கத்தின் பேத்தியே சேறு மிதித்துக்கொண்டு நின்றது, வேலையெல்லாம் சாப்பாட்டு மணிக்கு அப்புறம்தான், கை கழுவுகிற தண்ணீரை வாய்க்கால் வெட்டிப் பாத்திக்குத் திருப்பியிருந்தார்கள், சுவரில் முறை எழுதி ஒட்டியிருந்தது, அதையும் எட்டி நின்று படித்தேன், தப்பு ஒன்றுகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை, முடியாததுதான் எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது, நான் பார்ப்பது தெரிந்துதான் இப்படி ஒழுங்காக நடத்துகிறார்கள், ஆடு இல்லாத ஒருநாள் வந்து பார்க்க வேண்டும். சாயங்காலம் சுபிக்ஷா வந்ததும் அவள் உள்ளங்கையை விரித்துப் பார்ப்பேன், என்னம்மா பாக்குற என்பாள், ரேகை பாக்குறேன் ஆத்தா என்பேன், கம்பித் தடம் இருக்காது, பென்சில் கறைதான் இருக்கும், ஆனால் கண்ணை மூடினால் அந்தச் சின்னக் கையில் என் தடம் சிவப்பாக ஓடுகிறது, நாற்பத்திரண்டு எட்டு வைத்து அவள் நடக்கிறாள், ஜன்னலுக்குள் யாரோ வாய்ப்பாடு சொல்கிறார்கள்.

அப்புறம்தான் அந்தச் சிரட்டை விவகாரம். பாத்தியில் போடுவதற்கு முன்னால் பழகட்டும் என்று டீச்சர் ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டையில் மண் போட்டு ஐந்து வெண்டை விதை கொடுத்திருக்கிறார், ஒரு பிள்ளை தண்ணீரை ஊற்றி அழுக வைத்தது, ஒரு பிள்ளை முளைத்ததா முளைத்ததா என்று தோண்டித் தோண்டிப் பார்த்தே கொன்றது, என் மகள் போட்டது மட்டும் ஐந்துக்கு ஐந்து தலை தூக்கிவிட்டது. பந்தல் போட மூங்கில் கொண்டுவந்த ராமலிங்கம் அதைப் பார்த்துவிட்டு, டீச்சர், இந்தப் பிள்ளைக்குக் கைராசி இருக்கு, பாத்தியில மொத விதைய இது கையால போடச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டாராம். சுபிக்ஷா ஓட்டமாக ஓடிவந்து மூச்சு வாங்கச் சொன்னாள், கைராசின்னா என்னம்மா என்று கேட்டாள். எனக்குத் தெரியும் ஆத்தா, நன்றாகத் தெரியும், ராமலிங்கத்தின் அப்பா வயலில் விதைப்பு அன்றைக்கு நாங்கள் வரப்பில் நிற்போம், அவர்கள் வீட்டுப் பெண் ஒருத்தியை, கைராசிக்காரி என்று, குளித்து ஈரத்தலையோடு கூட்டிவருவார்கள், அவள் முதல் பிடி போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள், அதற்கப்புறம் நட்டது எங்கள் கை, களை எடுத்தது எங்கள் கை, அறுத்துக் கட்டுத் தூக்கியது எங்கள் கை, எங்கள் கைக்கு வலு உண்டு என்றார்கள், சுறுசுறுப்பு உண்டு என்றார்கள், ராசி உண்டு என்று ஒருவர் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. இப்போது அந்த வீட்டு ஆளே சொல்கிறார் என்றால் எனக்குச் சந்தோஷம்தானே வந்திருக்க வேண்டும், வரவில்லை, பரமானந்தம் வாத்தியாரின் சிரிப்புதான் வந்தது, அன்றைக்கு உடம்பு திடம், இன்றைக்குக் கைராசி, இன்றைக்கு முதல் விதை, நாளைக்கு எல்லா விதையும், அப்புறம் எல்லாத் தண்ணீரும், உன் கை பட்டாத்தான் வருது தாயி என்று மெச்சி மெச்சியே வெளியே நிறுத்திவிடுவார்கள். சூடு கண்ட பூனை நான்.

மறுநாள் முதல் மணி அடிக்கும் முன்னாலேயே போய் நின்றேன். டீச்சர், என் பிள்ள மண்ணுல இறங்காது, விதையும் போடாது, தண்ணியும் ஊத்தாது, நான் படிக்கத்தான் அனுப்புறேன். டீச்சர் முகம் சுண்டிப்போயிற்று, அக்கா, அது எம்புட்டு ஆசையா இருக்கு தெரியுமா என்றார். எங்களுக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு என்றேன், அவருக்கு என்ன விளங்கியதோ, நான் விளக்கவும் இல்லை, சரிக்கா, உங்க இஷ்டம் என்றார். சுபிக்ஷாவிடம், மண்ணத் தொட்ட, தோலை உரிச்சுருவேன் என்று சொல்லிவைத்தேன், அவள் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

ஆடி மாதம், வெள்ளிக்கிழமை, ஆடிப்பட்டம் தேடி விதை என்று ஊரும் காலனியும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கூடி நிற்கிறது, நானும் போய்க் கூட்டத்தின் கடைசியில் நிற்கிறேன், ஆடு இல்லாமல். ஆளுக்கொரு வரிசை பிரித்துக் கொடுத்திருக்கிறார் டீச்சர், முழங்கை வரைக்கும் மண்ணோடு குனிந்திருக்கிற பிள்ளைகளை வழக்கம்போல எண்ணிப் பார்க்கிறேன், எது நம்ம பிள்ளை, எது அவர்கள் பிள்ளை, மண் பூசிய முதுகுகளில் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை, எண்ணிக்கை குழம்பிக் குழம்பித் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன், சுபிக்ஷாவை மட்டும் எண்ண வேண்டியிருக்கவில்லை, அவள் வகுப்பறைப் படியில் நிற்கிறாள், நான் துவைத்துப் போட்ட சீருடையில் ஒரு பொட்டு அழுக்கில்லை, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். எனக்கு முன்னால் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர், ஒருத்தி புதிதாக வாழ வந்த மருமகள், அந்தப் பிள்ள ஏன் தனியா நிக்குது என்று கேட்கிறாள். மற்றவள் சரியாகத் திரும்பிக்கூடப் பார்க்காமல், காலனிப் பிள்ளையா இருக்கும் என்கிறாள்.

அவ்வளவுதான். குரலில் வெறுப்பு இல்லை, கேலி இல்லை, பஸ் வந்துருச்சா என்று கேட்டால் வந்துருக்கும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள், எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவள் கண் முன்னால் மண்ணுக்குள் இருந்தார்கள், அது அவளுக்குத் தெரியவில்லை, தனியாக ஒரு பிள்ளை நின்றால் அது எங்கள் பிள்ளையாகத்தான் இருக்கும் என்பது மட்டும் தெரிந்தது. சண்டை பிடிக்க வாயைத் திறந்தேன், யாரைப் பிடிக்க, பரமானந்தம் வாத்தியார்கூட என்னை ஒற்றையாக நிறுத்தியதில்லை, பதினோரு பேரில் ஒருத்தியாக நிறுத்தினார், என் பிள்ளையை ஒற்றையாக நிறுத்தியது நான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன், யார் காலையோ மிதித்தேன், சுபி, இறங்கு ஆத்தா என்றேன். அவள் இறங்கவில்லை, என்னைப் போலவே கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள், நெசமாவா, வீட்டுக்குப் போயி அடிக்க மாட்டியே என்று கேட்டாள். அடிக்க மாட்டேன்டி என் தங்கம், உன் மேல தப்பில்ல, நான்தான் தப்பா நெனச்சுட்டேன் என்று சொல்லும்போது அத்தனை பேர் முன்னால் அழுதுவிடுவேனோ என்று வெட்கமாக இருந்தது.

ஓரத்துப் பாத்தியில் ஒரு வரிசை மட்டும் விதை போடாமல் கிடந்தது. இது யாருக்கு டீச்சர் என்றேன். யாருக்கும் இல்லக்கா, விதை பத்தாதுன்னு விட்டேன் என்று சொல்லிக்கொண்டே ஜெசிந்தா டீச்சர் ஒரு தம்ளர் நிறைய ஊறவைத்த வெண்டை விதையை எடுத்து நீட்டினார், அவர் சொன்னதை நான் நம்பவில்லை, இந்தத் தடவை நம்பாமல் இருந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சுபிக்ஷா செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்தியில் இறங்குகிறாள், விரலால் குழி, ஒரு விதை, மண் மூடுகிறாள், ஒரு சாண் தள்ளி இன்னொரு குழி, குனிந்த முதுகில் வெயில், அது அவள் முதுகா என் முதுகா, யாரும் அவளை ஏவவில்லை, எல்லாரும் அவள் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், ராமலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இந்தக் கைக்கு வராம எங்க போயிரும் என்கிறார்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். தோட்டம் முழுக்க முளைக்காமல் போனால் விதை சரியில்லை என்பார்கள், இவள் வரிசை மட்டும் முளைக்காமல் போனால் கை சரியில்லை என்பார்கள், கையோடு நிற்காது, எங்கள் தெரு வரைக்கும் வரும், இது எனக்குத் தெரியும், என் பிள்ளைக்குத் தெரியாது, அவள் கடைசி விதையை மூடிவிட்டுச் சேற்றுக் கையோடு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நானும் சிரித்தேன். பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல் அந்த மண்ணிடம் சொன்னேன், முளைச்சுரு.