எதெல்மீராவின் மஞ்சள் மேடு

லாய்மே ஊரார் ஒரு மேட்டைத் தவறுதலாக இழுத்துக்கொண்டுபோய்க் கடற்கரையில் விட்டது ஏப்ரல் மாதத்தில், ஆப்பிள் பிழிந்து சீச்சா புளிக்கவைக்கும் நாட்களில். தவறு யாருடையது என்று இன்றும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தலைநகர் சாந்தியாகோவிலிருந்து வந்த கட்டிடக்கலைஞன் ததேயோவுடையதுதான் என்று நானும் நெடுநாள் சாதித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் சிலோயே தீவின் படகு, தறி, கிழங்கு வகைகளையெல்லாம் வைத்துக் காட்ட ஒரு காட்சிக்கூடம் கட்டச் சொல்லி அரசாங்கம் அவனை அனுப்பியது. விதவை எதெல்மீரா கார்காமோவின் கிழங்கு மேட்டுக்குப் பக்கத்துச் சரிவில் இடம் கொடுத்தார்கள். கடலிலிருந்து பார்த்தால் கட்டிடமே தெரியக் கூடாது, இன்னொரு மேடு என்றே கண் நம்ப வேண்டும் என்று அவன் வரைபடம் போட்டான். கூரை முழுக்க மண்ணும் புல்லும், சுவரெல்லாம் பாசி ஏறிய மரச்செதில்கள். அங்கேயே எங்களுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. இந்த ஊரில் வீட்டுக்கு மஞ்சளும் சிவப்பும் அடிப்பதே, மூடுபனியில் திரும்பும் படகுக்காரனுக்குத் தன் வீடு தெரியட்டும் என்றுதான். ஒளிந்துகொள்கிற வீட்டை யார் கண்டது? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். மந்திரவாதிகளின் குகைக்குத்தான் வாசல் தெரியாது என்று பாதிரியாரே முணுமுணுத்தார்.

கட்டிடம் அவன் சொன்னதைக் கேட்டது. கொஞ்சம் அதிகமாகவே கேட்டது. முதல் குளிர்காலத்தில் செம்மறிகள் கூரைமேல் மேய்ந்தன. வசந்தத்தில் அதன் உச்சியில் ஒரு மரம் முளைத்தது. எதெல்மீராவின் மேட்டில் நிற்கும் மரத்தைப் போலவே சாய்ந்து, அதே பக்கத்தில் ஒரு கிளை முறிந்து. பிறகு உழவுசால்கள் விழுந்தன. எதெல்மீரா மேட்டில் விளையும் அதே கருங்கிழங்கு, யாரும் விதைக்காமலே அவற்றில் ஊதாப் பூ பூத்தது. திறப்பு விழாவுக்குப் படகில் வந்த பெரிய மனிதர்கள் மழையில் இரண்டு மேடுகளையும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கதவு அகப்படவில்லை. எதெல்மீராவின் கொட்டகையில் ஆட்டுக்கறி தின்றுவிட்டுப் புறப்பட்டுப் போனார்கள். ததேயோ மட்டும் புல்லைத் தடவிக்கொண்டே நின்றான்.

"நேத்து கதவு இங்கதாம்மா இருந்துச்சு" என்றான்.

"இருக்கும், இருக்கும். நாளைக்கு என் வீட்டு அடுப்புகூட உன் கட்டிடத்துக்குள்ள இருக்கும்" என்றாள் எதெல்மீரா. "அடிமடியிலேயே கைய வைக்கிறியே தம்பி! ரெண்டு மேடு ஒரே மாதிரி நின்னா, எது என்னோடதுன்னு நாளைக்கு யாரு சொல்றது? எங்கம்மா குடுத்த விதைக்கிழங்கு இந்த மண்ண விட்டா வேற எங்கயும் வராது. உன் கட்டிடத்த இங்கிருந்து எடு!"

வீட்டை இடம் மாற்றுவது எங்களுக்குப் புதிதல்ல. அடியில் மரத்தடிகளைச் செருகி, எருதுகளைப் பூட்டி, ஊரே சேர்ந்து இழுப்போம். மிங்கா என்று பெயர். வேண்டியவர் வாசல் வாசலாகப் போய்க் கேட்க வேண்டும். கேட்டபின் யாரும் மறுக்கக் கூடாது. இழுத்தவர்களுக்கு வயிறு நிறையப் போட வேண்டும். எதெல்மீராவே எல்லா வாசலிலும் போய் நின்றாள். கயிற்றை எதில் கட்டுவது என்ற பேச்சு வந்தபோது, ததேயோவை அவள் கிட்டவே விடவில்லை. "இவன் வேணும்னே மாத்திக் காட்டுவான். என் மேடு எனக்குத் தெரியாதா? கண்ண மூடிக்கிட்டுச் சொல்வேன்" என்றாள். சொன்னாள், தன் கையாலேயே முடிச்சும் போட்டாள். எருதுகள் நகர்ந்தன. மேடு புல், மரம், செம்மறியோடு முனகாமல் சரிவில் இறங்கியது. மணலைத் தொட்டதும் அதன் ஓரம் பிளந்தது. உள்ளே படகும் இல்லை, தறியும் இல்லை. கல்லும் மண்புழுவும் வேரும்தான் இருந்தன.

எதெல்மீரா மணலில் உட்கார்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"தெரிஞ்சுதானே வாயப் பொத்திக்கிட்டு இருந்த?" என்று ததேயோவின் சட்டையைப் பிடித்தான் எருதுக்காரன் லெப்பியோ.

"சத்தியமா இல்லண்ணே. நானும் இதுதான் கட்டிடம்னு நெனச்சேன்" என்றான் அவன். அவன் முகத்தில் பயத்தோடு துளி பெருமையும் இருந்ததாகத்தான் எனக்குப் பட்டது. மறுநாள் படகிலேயே ஊரைவிட்டுப் போனான்.

மேட்டைத் திரும்ப ஏற்ற எருதுகளால் முடியவில்லை. வந்த வழி இறக்கம். போகும் வழி ஏற்றம். பௌர்ணமி அலை அதன் அடியை நனைத்தது, மண் உப்பானது. இனி யாரும் மேட்டை மாற்றி நினைத்துவிடக் கூடாது என்று எதெல்மீரா மறுபடியும் வாசல் வாசலாகப் போய்க் கேட்டாள். ஊரே சேர்ந்து மேட்டுக்கு மஞ்சள் அடித்தோம், மரம் உட்பட. மூடுபனி நாட்களில் படகுகள் அதைப் பார்த்துத்தான் கரை சேர்கின்றன.

மேலே நிற்கும் கட்டிடத்தின் கதவு இன்றுவரை கிடைக்கவில்லை. அடுத்த அறுவடைக்கு எதெல்மீரா மண்வெட்டியோடு அதன்மேல் ஏறினாள். ஆழமாக வெட்டினால் டொக்கென்று மரத்தில் பட்டது. மேலாக வெட்டினால் கருங்கிழங்கு வந்தது. அவித்த முதல் பானைக் கிழங்கைப் பன்றிக்குப் போட்டுவிட்டு, அது சாகிறதா என்று சாயங்காலம்வரை பார்த்திருந்தாள். பிறகு ஒன்றை உரித்து வாயில் போட்டாள். அவள் அம்மா காலத்து ருசி, எள்ளளவும் மாறவில்லை. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றை உரித்தாள்.